அடி கறுக்காத பானை

பால் இன்னும் அசையவில்லை. ஊற்றி வைத்து எவ்வளவு நேரமாயிற்றென்று தெரியவில்லை, குளிக்கும்போது கழற்றிய கைக்கடிகாரம் உள்ளேயே கிடக்கிறது, எடுக்கப் போகலாமென்றால் போகிற நேரம் பார்த்துப் பொங்கிவிட்டால் என்ன செய்வது. இந்திராணி எட்டிப் பார்த்துச் சொல்லமாட்டாள். அவள் தன் பானையைப் பொங்கவிட்டு, தட்டைத் தட்டி, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பொங்கலோ பொங்கல் சொல்லி, சூரியனுக்குப் படைத்து, கற்பூரம் காட்டி முடித்துக்கொண்டு உள்ளே போயாயிற்று. போகிற போக்கில் "உங்க பானைய நீங்களே பாத்துக்குங்க" என்றாள். என் பானையா அது? அக்காள் பானை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை வந்திருக்கும், நல்ல நாளில் எதற்கு. முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் செய்தவன் எதற்கு வாயைத் திறக்கலாம் எதற்குத் திறக்கக்கூடாது என்பதையாவது கற்றிருக்கவேண்டாமா. அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே மூன்று செங்கல்லைப் போட்டு, அதிலிருந்து எரிகிற கொள்ளி ஒன்றை எடுத்து இதில் செருகினேன். கொள்ளி. இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. சொல்லவில்லை, நினைத்தேன். நினைத்தால் மட்டும் என்ன, நினைப்புக்கு நல்ல நாள் கெட்ட நாள் தெரிகிறதா. ஐப்பசி மாசத்து மழையில் அறந்தாங்கி சுடுகாட்டில் நின்றதுதான் முதலில் வருகிறது, அக்காவுக்கு ஆண்பிள்ளை இல்லையென்று அத்தானின் தம்பி மகன் தோளில் குடத்தோடு சுற்றி வந்தது, குடத்தில் ஓட்டை போட்ட இடத்திலிருந்து தண்ணீர் அவன் முதுகெல்லாம் வழிந்தது, அவன் குளிரில் நடுங்கியது. அந்தக் குடத்தை வாங்கப் போனவன் நான். பானைக்காரர் குடிசைக்குள்ளிருந்தே "நல்லதுக்கா மத்ததுக்கா?" என்று கேட்டார். எந்த ஊரிலும் அதைக் கேட்டுத்தான் பானையை எடுத்துக் கொடுப்பார்கள், நல்லதுக்கென்றால் சுண்ணாம்பும் காவியும் தீட்டியது, மத்ததுக்கென்றால் ஒன்றும் தீட்டாதது. கூட வந்த பங்காளிதான் மத்ததுக்கு என்றார். அக்கா தையல்நாயகிக்கு என் கையால் வெறும் பானை வாங்குவேனென்று யார் நினைத்தார்கள், வருஷா வருஷம் கிளி தீட்டிய பானை வாங்கி அனுப்பியவன்.

விறகு கொஞ்சம் ஈரம். புகைகிறது. கண்ணைக் கசக்கிக்கொள்ள இது ஒரு வசதி, தெருவில் போகிறவர்கள் புகை என்று நினைத்துக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரர் கரும்பைக் கடித்துக்கொண்டே என்ன இன்னொரு பானையா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது. எல்லாம் அந்தப் பானைக்கார அலமேலு செய்த வேலை. அவளை என்ன குறை சொல்வது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மார்கழி கடைசியில் மொபெட்டில் வைக்கோல் சுற்றி எப்போதும்போல ரெண்டு பானையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள், ஒன்று கரும்பு தீட்டியது எங்களுக்கு, ஒன்று ஜோடிக் கிளி தீட்டியது அக்காவுக்கு. அக்கா சின்ன வயசிலேயே கரும்பு வேண்டாம் கிளிதான் வேண்டுமென்று அழுது, அலமேலுவின் மாமியார் அவளுக்காகக் கிளி போட்டுக் கொடுத்து, அந்தக் கிழவிக்குப் பிறகு அலமேலுவும் கேட்காமலே போடப் பழகிவிட்டாள். பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு, ஒன்றையொன்று பார்க்காமல் ரெண்டும் ஒரே பக்கம் பார்க்கும், அலமேலுவுக்குத் திருப்பிப் போடவராது. "அக்கா நல்லாருக்காங்களா?" என்று வேறு கேட்டாள். இந்திராணி சொன்னாள். அந்தப் பொம்பளை அப்படியே மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று இந்திராணி சொன்னதற்கு, பேர் சொல்லித் தீட்டின பானையை வேறு வீட்டுக்கு எப்படிக் கொடுப்பேன், நீங்களே என்னவோ செய்துகொள்ளுங்கள், அதற்கு ஒன்றும் தரவேண்டாம் என்று கிளம்பிவிட்டாள். போகி வரைக்கும் அது முற்றத்து மூலையில் நின்றது. நான் போகும்போதும் வரும்போதும் அந்தக் கிளிகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்தான் அப்படித் திருப்பி வைத்தேன்.

ஓரத்தில் ஒரு குமிழி. இல்லை, சாம்பல் விழுந்திருக்கிறது. பொங்கலே வேண்டாமென்றுதான் நான் முதலில் சொன்னேன். அதற்கும் இந்திராணிக்குப் பதில் இருந்தது. கட்டிக்கொடுத்த பெண் வேறு குலம், அவள் செத்தால் பிறந்த வீட்டுக்கு மூன்று நாள்தான் தீட்டு, பொங்கல் வைக்காமல் விட்டால்தான் தப்பு, சாமிக்கு என்ன பதில் சொல்வது. கணக்குப்படி அவள் சொல்வது சரிதான், பெரியவர்களைக் கேட்டால் அவர்களும் அதைத்தான் சொல்வார்கள். கூடப் பிறந்தவளுக்கு மூன்று நாள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்து ஒரு பக்கமாகவே சாய்ந்து நடக்கப் பழகியவளுக்கு மூன்று நாள். நாலாவது நாள் நான் மிஷின் விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தேன், அதுவும் உண்மை. அறுப்பு மிஷினுக்கு ஏஜெண்டாக இருப்பவனுக்கு ஐப்பசியிலேயே போன் ஆரம்பித்துவிடும், தை அறுப்புக்கு முன்னாடியே சொல்லி வைக்கவேண்டும், வெளியூர் வண்டிகள் வரவேண்டும், டிரைவர்களுக்குத் தங்க இடம் பார்க்கவேண்டும். பொங்கல் சமயத்தில் சீர்காழியைச் சுற்றி என்னை விட்டால் ஆளில்லை என்கிற மாதிரி எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் நான் எப்படி அறந்தாங்கிக்குப் போய் வரமுடியும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும், பஸ் மாறி பஸ் மாறி. அப்பா போய் வந்தார் என்றால் அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. வருஷா வருஷம் புதுப்பானையை மடியில் வைத்துக்கொண்டு, கரும்பை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு, போகிக்கு முதல் நாளே மகள் வீட்டுக்குப் போய் இறங்கிவிடுவார். பானையைக் கீழே வைக்கமாட்டார். பக்கத்து சீட்டுக்காரன் கேட்டால்கூடக் கொடுக்கமாட்டார். அப்பா காலமான பிறகு ஒரு வருஷம் நான் அப்படியே கொண்டு போனேன். மடியில் பானை, தொடை மரத்துப்போய், பட்டுக்கோட்டையில் இறங்கும்போது நடக்கமுடியவில்லை. அந்த ஒரு வருஷம்தான்.

பிறகு பார்சல் வண்டி. தெரிந்த ஆள், வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். நான் கொடுப்பதே போகியன்று சாயங்காலம்தான், அதற்குமுன் எங்கே நேரம், பெட்டி திண்ணை ஓரத்தில் நாலு நாள் கட்டாமல் கிடக்கும், பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு என்று தோன்றும். ஆனால் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று விசாரிக்காமல் விட்டவன் இல்லை நான். பொங்கலன்று காலையில் எங்கள் பால் பொங்குவதற்கு முன்னாலேயே அவள் போன் வந்துவிடும், நானாக ஒரு வருஷமும் கூப்பிட்டதில்லை, அவள்தான் முந்திக்கொள்வாள். பானை வந்துச்சா என்று கேட்பேன். வந்துச்சு என்பாள். பால் பொங்கிடுச்சா என்று கேட்பேன். பொங்கிருச்சு என்பாள். அதில்தான் எனக்குச் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் பொங்கிடுச்சு, அவர்கள் பக்கத்தில் பொங்கிருச்சு. போய் நாலு வருஷத்துக்குள் வாய் மாறிவிட்டது அவளுக்கு. நீ சுத்த அறந்தாங்கிக்காரியாவே ஆயிட்டே என்று கிண்டல் பண்ணுவேன், ஆமாடா, சோறு போடுற ஊருல்ல என்பாள். கடைசியாக ஒன்று கேட்பேன், எந்தப் பக்கம் பொங்குச்சு என்று. அதை எல்லோரும் கேட்பார்கள், கிழக்கு நல்லது, வடக்கு நல்லது, தெற்கென்றால் யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள். அவள் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான். "வடக்காலதான்டா குஞ்சு. நம்ம ஊருப் பக்கம்." குஞ்சிதபாதம் என்கிற முழுப்பேரை அவள் என் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்த்திருப்பாள். ஒரு பானை எப்படி ஒவ்வொரு வருஷமும் வடக்குப் பக்கமாகவே பொங்கும் என்று நான் யோசிக்கவில்லை. சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டு இந்திராணியிடம், அங்கேயும் நல்லபடியாகப் பொங்கிடுச்சாம் என்பேன். அனுப்பியவனுக்குப் பெருமை.

யாருடைய போன்? மடியில் துடிக்கிறது. அபிராமியோ என்று எடுத்துப் பார்த்தால் வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்து ஆள், நாளன்னைக்கு மிஷின் வேண்டுமாம். இன்றைக்கா கேட்பது. எடுக்கவில்லை. அபிராமி அக்காள் மகள், ஒரே மகள். படித்துவிட்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறது. நேற்று நான்தான் பேசினேன், பேசவேண்டுமென்று தோன்றிப் பேசினேன், என்ன பேசுவதென்று தெரியாமல் அலமேலு ரெண்டு பானை கொண்டுவந்த கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் அடுப்பு மூட்டக்கூடாது, கோலம்கூடப் போடக்கூடாது. "அதுலயும் பொங்க வைங்க மாமா. ஒரு தடவையாவது வைங்க" என்றாள். சரிம்மா என்றேன். பொங்கும் நேரத்துக்கு நானே கூப்பிடுறேன் மாமா என்றாள். ஒரு தடவையாவது என்று சொன்னாளே, அதற்கு அர்த்தம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். இந்திராணிக்குத் தெரியாது. இந்திராணிக்குத் தெரிந்ததெல்லாம் செத்தவள் பானையை நல்ல அடுப்புக்குப் பக்கத்தில் ஏற்றுகிறானே இந்த மனுஷன் என்பதுதான். நான் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது.

கருமாதியன்று சமையற்கட்டுக்குப் பின்னால் கைகழுவப் போனவன் அந்தப் பலகையைப் பார்த்தேன். வரிசையாகக் கிளிகள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. ஒன்றில் புளி, ஒன்றில் உப்பு, ஒன்றில் மிளகாய் வற்றல், ஒன்றில் விதைக்கு வைத்த அவரைக்கொட்டை. எனக்கு முதலில் மனசு நிறைந்துபோயிற்று, நான் அனுப்பியதையெல்லாம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாளே என்று. காலியாக இருந்த ஒன்றை எடுத்து என்னவோ தோன்றித் திருப்பிப் பார்த்தேன். அடி சிவப்பாக இருந்தது. சூளையிலிருந்து வந்த மாதிரி. ஒரு தடவை பால் பொங்கின பானையின் அடி அப்படி இருக்காது, எத்தனை தேய்த்தாலும் கரி போகாது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அடுத்ததைத் தூக்கிப் பார்த்தேன். அதுவும். உப்புப் பானையைச் சாய்த்துப் பார்த்தேன், உப்பு சரிந்து தரையில் கொட்டியது. எல்லாமே அப்படித்தான், ஒன்றுகூட அடுப்பு ஏறியதில்லை. சத்தம் கேட்டு அபிராமி வந்தாள். உப்பை அள்ளிக்கொண்டே சொன்னாள், கோபமில்லாமல்தான் சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பார்சல் எப்போதும் மாட்டுப்பொங்கல் முடிந்துதான் வருமாம். ஒரு வருஷம் காணும் பொங்கலும் முடிந்து வந்ததாம். அப்போ போனில் வந்துச்சுன்னு சொன்னாளே என்று கேட்டேன். "அது அப்படித்தான் மாமா சொல்லும். உங்களுக்குப் போன் பண்ணி வச்சிட்டுத்தான் அடுப்பே பத்த வைக்கும். வெங்கலப் பானைலதான் பொங்கும்." முந்தின வருஷத்துப் பானை புதுசாகத்தானே இருக்கிறது, அதில் வைத்திருக்கலாமே என்றேன், என்ன பைத்தியக்காரக் கேள்வி. பொங்கலுக்குப் பழைய பானையை யார் ஏற்றுவார்கள், வருஷம் திரும்பினால் அடுப்பு ஏறாத பானையும் பழசுதான். அடுத்த வருஷம் நேரத்தோட வந்துரும்னு சொல்லும் மாமா, என்றாள் அபிராமி. பின்கட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த பானை ஒன்று மட்டும் அடி கறுத்திருந்தது. கிளி அழிந்து பச்சை மட்டும் தெரிந்தது. அது நான் மடியில் கொண்டுபோன பானை.

ஏன் சொல்லவில்லை அவள்? ஒரு வார்த்தை, லேட்டா வருதுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன அனுப்பாமலா இருந்திருப்பேன், ஒரு வாரம் முன்னாடியே கட்டி அனுப்பியிருக்கமாட்டேனா. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். இங்க மிஷின் வேலை தலைக்கு மேல கெடக்குக்கா, அனுப்புறதே பெரிசு என்று சொல்லியிருப்பேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தம்பி முகம் சுருங்கக்கூடாது, அதற்கு வருஷம் ஒரு பொய், பொய்யிலும் வடக்குப் பக்கம், நம்ம ஊருப் பக்கம். நான் ஏமாந்தேனா? பானை வந்துச்சா என்று கேட்டுவிட்டு அவள் பதில் முடிவதற்குள் அடுத்த கேள்விக்குப் போகிறவன் ஏமாறுவதற்கு என்ன இருக்கிறது. எல்லோரும் கேட்கிறதுதான், எல்லோரும் சொல்கிறதுதான், பால் பொங்கிடுச்சா என்று கேட்டால் இல்லை என்று இந்தத் தமிழ்நாட்டில் யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா. அய்யோ அக்கா. ஒரு தடவை சொல்லியிருக்கலாமே.

அசைகிறது. நிஜமாகவே அசைகிறது. ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழி, நடுவில் ஆடை கூடி இழுக்கிறது. கிளி ரெண்டும் தெற்கே பார்க்கிற மாதிரி வைத்தேன், அவள் ஊர் அந்தப் பக்கம்தானே. காலையில் கழுவி, இந்திராணி வேண்டாமென்று எறிந்த மஞ்சள்கொத்தை எடுத்துக் கழுத்தில் கட்டினேன். சுண்ணாம்பு வெயிலில் கண்ணைப் பறித்தது. கீழே புகை ஏற ஏறக் காவிக்கோடு மங்குகிறது, நல்லது, கறுக்கட்டும், நன்றாகக் கறுக்கட்டும். பொங்கின பிறகு இதைத் தேய்க்கவிடமாட்டேன், கரியோடு எடுத்துக்கொண்டு நானே அறந்தாங்கிக்குப் போவேன், மடியில் வைத்துக்கொண்டு, மிஷின்காரன் எவன் கூப்பிட்டாலும் சரி. அந்தப் பலகையில் வைப்பேன். இன்னும் ஒரு பாளையைச் செருகலாமா. தீ தூக்கலாக இருக்கிறதோ. இந்திராணி அவள் பானைக்கு இத்தனை தீ வைக்கவில்லை, மெள்ளத்தான் ஏற்றினாள், ஆனால் அவள் பானை பழகின பானை. நாலு நாளாகக் கழுநீரில் கிடந்தது, நான்தான் தொட்டியிலிருந்து தூக்கி வைத்தேன், கனத்தது. ஒரு பானைதான் தொட்டியில் கிடந்தது. இது மூலையில் நின்றது. இது ஊறவில்லை. புதுப்பானையை ஊறவைக்காமல் தீயில் ஏற்றினால் என்ன ஆகுமென்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. கழுவினேன், கழுவினால் போதாதா. போகி வரைக்கும் அந்த மூலையைத் தாண்டித் தாண்டிப் போனேனே, ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றத் தோன்றவில்லையே. இறக்கிவிடலாமா. இப்போது இறக்கினால் பொங்காது. பொங்கும் முன்னால் பானையை இறக்குவார்களா. பால் ஏறுகிறது, கழுத்துக்கு வந்துவிட்டது, இன்னும் ஒரு விரல்கடை, அவ்வளவுதான், தாங்கிக்கொள், இன்னும் கொஞ்சம்தான் அக்கா.

கிளியின் கழுத்தில் ஈரம். வியர்வை மாதிரி ஒரு கோடு. புதுப்பானை முதலில் கசியும், கசிந்து நின்றுவிடும், நின்றுவிடும். கோட்டில் ஒரு சொட்டு நின்றது. உருண்டது. டப்பென்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, விரலில் சொடுக்கு எடுக்கிற மாதிரி, ரெண்டு கிளிக்கும் நடுவில் மேலிருந்து கீழே விட்டுப்போயிற்று. ஏறி வந்த பால் ஏறின வேகத்தில் இறங்கியது. தீயில் கொட்டிச் சீறி, வெள்ளையாகப் புகைந்து, செங்கல்லைத் தாண்டி மண்ணில் ஓடியது. கையை வைத்துத் தடுக்கப் பார்த்தேன், சுட்டது. அடுப்பு அணைந்துவிட்டது. பால் தீய்ந்த வாடை. பொங்கலன்று பானை விண்டால் என்ன சொல்வார்களென்று தெரியும், அதை நினைக்கக்கூட நேரமில்லை, வாடை பிடித்து இந்திராணி வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் தட்டும் கரண்டியும். பொங்கியிருக்குமென்று நினைத்துத் தட்டுவதற்குத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அத்தனை பேசிவிட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பானையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். மடியில் போன் துடித்தது. இந்தத் தடவை அபிராமிதான்.

எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லாத வீடு, மின்விசிறி ஓடுவதுகூடக் கேட்டது.

"பொங்கிருச்சா மாமா?"

உண்மையைத்தான் சொல்ல நினைத்தேன். விண்டுபோச்சும்மா, ஊறவைக்க மறந்துட்டேன்மா என்று எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கே தெரிந்தது.

"பொங்கிருச்சும்மா" என்றேன். டுச்சு வரவில்லை. அக்காள் வாயில் வருகிற மாதிரியே ருச்சு என்றுதான் வந்தது.

இந்திராணி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து, கரண்டியால் தட்டை மெள்ள நாலு தட்டுத் தட்டினாள். வாயைத் திறந்து பொங்கலோ பொங்கல் சொல்ல அவளாலும் முடியவில்லை. அபிராமிக்குத் தட்டுச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் அம்மாவிடம் நான் வருஷா வருஷம் கேட்டதைக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் மாமா?"

பால் ஓடிய தடத்தைப் பார்த்தேன். மண் அதற்குள் பாதியைக் குடித்திருந்தது.

"தெக்கால" என்றேன். "உங்க ஊருப் பக்கம்."